வழியில் தொலைந்த 3.9 வோல்ட்: ரேடியேட்டர் ஃபேன் ஒயரிங்கைப் புதிதாக இழுத்த அனுபவம்

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது டெம்பரேச்சர் முள் நடுவில் அசையாமல் நிற்கும். நெரிசலில் நாலைந்து நிமிடம் நின்றால் மெல்ல ஏறத் தொடங்கும், முக்கால் வரை போகும். மறுபடி வண்டி நகர்ந்து காற்றுப் பட்டதும் இறங்கிவிடும். இந்த அறிகுறியிலேயே பாதி விடை இருக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது அந்த வேலை முழுக்க ஃபேனுடையது. நின்றால் மட்டும் சூடாகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஃபேனைத்தான்.

ஆனால் ஃபேன் ஓடாமல் இல்லை. அதனால்தான் இரண்டு மாதம் அதன்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. முள் ஏறும்போது பானெட்டைத் திறந்தால் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். கொஞ்சம் தாமதமாக ஆரம்பிக்கும், ஆரம்பித்தபின் நிற்கவே நிற்காது. நல்ல ஃபேன் ஒன்றிரண்டு நிமிடம் ஓடும், சூட்டை இறக்கும், ஓய்ந்துவிடும். ஓயாமல் ஓடுகிற ஃபேன் போதுமான காற்றை இழுக்கவில்லை என்று அர்த்தம். அது எனக்குப் பிடிபட்டது பிறகுதான்.

விசாரித்தபோது இரண்டு யோசனை வந்தது. ஒன்று, "மோட்டார் வீக் ஆயிடுச்சு, புதுசு போட்டுடுங்க." இன்னொன்று, "ஸ்விட்ச்சே வேணாம், டைரக்ட் கொடுத்துடுங்க. சாவி போட்டதும் ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கும்." இரண்டாவது யோசனை பல பழைய வண்டிகளில் செய்யப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இன்ஜின் சூடேற நேரம் எடுக்கும், மோட்டாரின் கார்பன் பிரஷ் தேவையில்லாமல் தேயும். எல்லாவற்றையும்விட, பழுது அங்கேயே மறைந்து கிடக்கும். முதலில் அளந்து பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

இது ஃபேனை கம்ப்யூட்டர் இயக்காத பழைய பெட்ரோல் வண்டி. ஒரே ஃபேன், ஒரே வேகம், ஏசி இல்லை. ரேடியேட்டரின் பக்கத் தொட்டியில், மேல் ஹோஸ் வந்து சேரும் இடத்துக்கு அருகில், இரண்டு கால் உள்ள டெம்பரேச்சர் ஸ்விட்ச் மரையில் முடுக்கப்பட்டிருக்கிறது. கரன்ட் இக்னிஷன் வழியாக ஃபியூஸுக்கு வந்து, அங்கிருந்து ஃபேனுக்குப் போய், ஃபேனிலிருந்து ஸ்விட்ச் வழியாக எர்த்துக்கு, அதாவது பேட்டரி மைனஸோடு சேர்ந்த வண்டியின் உடம்புக்கு, போகிறது. ரிலே (சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டைச் சேர்த்துப் பிரிக்கும் காந்த ஸ்விட்ச்) கிடையாது. ஃபேன் இழுக்கும் மொத்த கரன்ட்டும் அந்தச் சின்ன ஸ்விட்சுக்குள் ஒன்றையொன்று தொடும் உலோகப் பாயிண்டுகளைத் தாண்டித்தான் போக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க இதைச் சுற்றித்தான்.

அளந்து பார்த்தது

அடிப்படைச் சோதனைகளை வேகமாக முடித்தேன். கூலன்ட் அளவு சரி, ரேடியேட்டர் மூடியின் ரப்பர் நன்றாக இருந்தது, மேல் ஹோஸ் திடீரென்று சூடானதால் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறக்கிறது என்றும் தெரிந்தது. ரேடியேட்டர் செதில்களுக்கு நடுவே இருந்த பூச்சியையும் தூசியையும் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்து எடுத்தேன். முள்ளின் போக்கு மாறவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. மூடி உள்ளே ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், உள்ளே இருப்பது மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். அதேபோல ஃபேனுக்கு அருகில் கை வைக்கும் முன் அதன் கப்ளரை (ஒயர் செருகும் இணைப்பை) பிடுங்கிவிடுங்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகக் கிளம்பும்.

முதல் சோதனை எல்லோரும் செய்வது. டெம்பரேச்சர் ஸ்விட்சின் கப்ளரைக் கழற்றி, அதன் இரண்டு பின்களையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தேன். ஃபேன் ஓடியது. இதோடு நின்றிருந்தால் "ஒயரிங் சரி, ஸ்விட்ச்தான் போச்சு" என்று ஸ்விட்சை மட்டும் மாற்றியிருப்பேன். அடுத்து, ஃபேனின் கப்ளரையும் கழற்றி, தடிமனான இரண்டு ஒயரால் மோட்டாரை நேராக பேட்டரியில் கொடுத்தேன். சத்தமே வேறு. முதலில் கேட்டது முனகல், இது இரைச்சல். மோட்டாரில் குறையே இல்லை என்பதைச் சொல்ல மீட்டர்கூடத் தேவைப்படவில்லை. நல்ல மோட்டாருக்குச் சாப்பாடு போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிக்க மல்டிமீட்டர் வேண்டும். ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பலரும் ஒயரிங் பார்க்கும்போது மீட்டரைக் கண்டினியூட்டியில் (ஒயரில் தொடர்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் அளவில்) வைத்து, 'பீப்' சத்தம் வந்தால் ஒயர் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான மீட்டர்கள் சில பத்து ஓம் வரை எதிர்ப்பு இருந்தாலும் பீப் அடித்துவிடும். நாற்பது இழை உள்ள ஒயரில் முப்பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் மிச்சம் இருந்தாலும் பீப் கேட்கும். அந்த ஒரு இழையால் மீட்டரின் துளி கரன்ட்டைக் கடத்த முடியும், ஃபேனின் 12 ஆம்பியரைக் கடத்த முடியாது. ஓம் அளவில் வைத்தாலும் சிக்கல்தான். 0.15 ஓம் எதிர்ப்பைப் பார்க்க முயன்றால் மீட்டரின் ஒயர்களுக்கே கிட்டத்தட்ட அவ்வளவு எதிர்ப்பு இருக்கும்.

அதனால் சுமை ஓடும்போதே அளக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, ஃபேன் தானாக ஓட ஆரம்பித்த பிறகு, மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்தேன். பேட்டரியில் 13.8 வோல்ட். ஃபேனின் இரண்டு கால்களுக்கு நடுவே, பின்பக்கமிருந்து கப்ளருக்குள் மெல்லிய ஊசியைச் செருகிப் பார்த்தால் 9.9. வழியில் 3.9 வோல்ட் காணவில்லை.

அடுத்தது அந்த 3.9 வோல்ட்டைத் துண்டு துண்டாகத் தேடுவது. இது மிகவும் எளிது, ஆனால் செய்பவர்கள் குறைவு. சிவப்பு ஊசியை பேட்டரியின் பிளஸ் முனையிலும் கறுப்பு ஊசியை ஃபேனின் பிளஸ் காலிலும் வையுங்கள். ஒரே ஒயரின் இரண்டு நுனிகள்தானே, மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவு அந்த வழியில் தொலைகிறது. எனக்கு 1.7 வோல்ட் காட்டியது. ஃபேனின் மைனஸ் காலிலிருந்து ஸ்விட்ச் வரை 0.2. ஸ்விட்சின் இரண்டு கால்களுக்கு நடுவே 1.2. ஸ்விட்சிலிருந்து பேட்டரி மைனஸ் வரை 0.8. கூட்டினால் 3.9, கணக்கு நேர்.

ஒயரைச் சுற்றிப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரில் கரன்ட் 8 ஆம்பியர் காட்டியது. 9.9 வோல்ட்டை 8 ஆம்பியரால் பெருக்கினால் மோட்டாருக்குக் கிடைத்தது 79 வாட். மிச்சம் 31 வாட் வழியில் வெறும் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. அதில் ஸ்விட்சுக்குள் மட்டும் 9.6 வாட். விரல் நுனி அளவுள்ள பாயிண்டில் ஒரு சின்ன சோல்டரிங் அயர்ன் அளவுக்குச் சூடு! பிளஸ் பக்க 1.7 வோல்ட்டில் பெரும்பகுதி ஃபியூஸ் தாங்கியில் தொலைந்தது. கழற்றிப் பார்த்தபோது பிளாஸ்டிக் பழுப்பேறி, உள்ளே இருந்த பிடி தளர்ந்துபோயிருந்தது.

எர்த் பக்க 0.8 வோல்ட்டுக்கும் ஒரு துப்பு முன்பே இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. இரவில் ஃபேன் ஓடும்போது ஹெட்லைட் லேசாக மங்கும். ஸ்விட்சின் எர்த்தும் ஹெட்லைட்டின் எர்த்தும் ரேடியேட்டர் சட்டத்தில் ஒரே போல்ட்டில் மாட்டியிருந்தன. போல்ட்டின் அடியில் துரு. ஒரே குறுகிய வாசலில் இரண்டு பேரும் நெருக்கியடித்துக்கொண்டு போய்வந்திருக்கிறார்கள்.

ஸ்விட்சை வெந்நீரில் போட்டது

பேட்டரியின் மைனஸை முதலில் கழற்றினேன். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு கூலன்ட்டை ஒரு பாத்திரத்தில் இறக்கினேன். இறக்கிய கூலன்ட்டைத் திறந்து வைக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயோ பூனையோ நக்கினால் உயிருக்கே ஆபத்து.

ஸ்விட்சின் முகத்தில் 92-87 என்று பொறித்திருந்தது. 92 டிகிரியில் பாயிண்ட் சேரும், 87-க்கு இறங்கியதும் பிரியும் என்று அர்த்தம். உள்ளே இருப்பது இரட்டை உலோகத் தகடு. சூடு ஏறும்போது இரண்டு உலோகமும் வெவ்வேறு அளவு விரிவதால் தகடு ஒரு கட்டத்தில் 'டக்' என்று மறுபக்கம் குழிந்து பாயிண்டைச் சேர்க்கிறது. சேர்வதற்கும் பிரிவதற்கும் நடுவே 5 டிகிரி இடைவெளி வேண்டுமென்றே வைக்கப்பட்டது. இல்லையென்றால் ஃபேன் நொடிக்கொரு முறை ஓடி நின்றுகொண்டே இருக்கும்.

சமையலுக்குப் பயன்படாத ஒரு பாத்திரத்தில் தண்ணீரைச் சுடவைத்து, ஸ்விட்சை அடித்தட்டைத் தொடாமல் கம்பியில் தொங்கவிட்டேன். உலோக மூக்கு மட்டும் தண்ணீரில், கால்கள் வெளியே. பக்கத்திலேயே வெப்பமானி. பழைய ஸ்விட்ச் முதல் முறை 96-இல் சேர்ந்தது, இரண்டாவது முறை 98-இல். சேர்ந்த பிறகும் ஓம் அளவு 0.4-க்கும் 3-க்கும் நடுவே தடுமாறியது. பாயிண்டுகள் பொரிந்துபோயிருந்தால் இப்படித்தான் இருக்கும். புதிய ஸ்விட்சையும் மாட்டும் முன் அதே தண்ணீரில் சோதித்தேன். 92-இல் சேர்ந்தது, 86-இல் பிரிந்தது. வெப்பமானியின் பிழையையும் சேர்த்துப் பார்த்தால் சரியாகவே இருக்கிறது. மலைப்பகுதியில் இந்தச் சோதனை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், 95 டிகிரி ஸ்விட்ச் அங்கே சேரவே சேராது. அதைப் பழுது என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னும் குறைந்த டிகிரி ஸ்விட்ச் போட்டால் இன்ஜின் இன்னும் குளிர்ச்சியாக இருக்குமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இந்த வண்டியின் தெர்மோஸ்டாட் திறக்க ஆரம்பிப்பது 82-இல். ரேடியேட்டருக்குள் நுழையும் கூலன்ட் எப்படியும் அதற்குமேல்தான் இருக்கும். நுழையும் பக்கத்தில் இருக்கும் ஸ்விட்ச் 80-இல்தான் பிரியும் என்றால், ஒருமுறை ஓட ஆரம்பித்த ஃபேன் நிற்பதற்கு வழியே இல்லை. தயாரிப்பாளர் கொடுத்த அளவையே வைத்துக்கொண்டேன். ஸ்விட்ச் வெளியேறும் பக்கத்தில் இருக்கும் வண்டிகளில் இந்தக் கணக்கு வேறு, அங்கே குறைந்த டிகிரி இயல்பு.

புதியதை மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப் சுற்றவில்லை. கசிவைத் தடுப்பது புது வாஷர், மரை அல்ல. ஒற்றைக்கால் ஸ்விட்ச் உள்ள வண்டியில் டேப் சுற்றுவது கெடுதலும்கூட, ஏனென்றால் அதற்கு உடம்புதான் எர்த். பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் முடுக்குவதில் பலம் காட்ட வேண்டாம்.

ரிலே

புதிய ஸ்விட்சை மட்டும் பழைய ஒயரிங்கில் மாட்டினால் சில காலம் நன்றாக ஓடும். பிறகு ஃபேனின் மொத்த கரன்ட்டும் அதே பாயிண்டைத் தின்றுவிடும். அதனால் ரிலே போட்டேன். ஸ்விட்சின் வேலை இனி கரன்ட்டைச் சுமப்பது அல்ல, ரிலேக்குச் சைகை காட்டுவது மட்டுமே.

வண்டி ரிலேயின் கால்களில் உள்ள எண்கள் டிஐஎன் 72552 என்ற ஜெர்மன் தரத்திலிருந்து வந்தவை, எந்தத் தயாரிப்பிலும் பெரும்பாலும் இதேதான். 30 என்பது பேட்டரியிலிருந்து வரும் பிளஸ். 87 சுமைக்குப் போவது. 85, 86 இரண்டும் காயிலின், அதாவது ரிலேக்குள் காந்தமாகும் கம்பிச் சுருளின், முனைகள். நான் கொடுத்தது இப்படி: பேட்டரி பிளஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 25 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 30. 87-லிருந்து நேராக ஃபேனின் பிளஸ். ஃபேனின் மைனஸ் நேராக எர்த். 86-க்கு இக்னிஷனிலிருந்து 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ஒரு மெல்லிய ஒயர். 85-லிருந்து டெம்பரேச்சர் ஸ்விட்ச், அதன் மறுகாலிலிருந்து எர்த்.

ரிலே 40 ஆம்பியர் வகை. காயிலை அளந்தால் 85 ஓம் காட்டியது. 13.8 வோல்ட்டில் அது இழுப்பது 0.16 ஆம்பியர். பல ஆம்பியர்களைச் சுமந்த ஸ்விட்சுக்கு இனி இவ்வளவுதான் சுமை.

சிறியதுதான் என்றாலும் காயிலிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்விட்ச் பிரியும் நொடியில் காயிலின் காந்தப்புலம் சரிந்து, நூற்றுக்கணக்கான வோல்ட் ஒரு கணம் எகிறும். அது பாயிண்டில் பொறியாகத் தெறிக்கும். அதைத் தடுக்க 85-க்கும் 86-க்கும் குறுக்கே கரன்ட்டை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4007 டையோடு ஒன்றைப் போட்டேன். வெள்ளைக் கோடு உள்ள முனை 86-இல், அதாவது பிளஸ் பக்கம். திருப்பிப் போட்டால் ஸ்விட்ச் சேர்ந்ததும் நேர் ஷார்ட் ஆகி 3 ஆம்பியர் ஃபியூஸ் போய்விடும்.

86-க்கு இக்னிஷனா, நேராக பேட்டரியா என்பதில் கொஞ்சம் யோசித்தேன். பேட்டரியில் கொடுத்தால் இன்ஜினை நிறுத்திய பிறகும் ஃபேன் ஓடிச் சூட்டை இறக்கும் என்பார்கள். ஆனால் இன்ஜின் நின்றால் வாட்டர் பம்பும் நிற்கிறது. ஃபேன் குளிர்விப்பது ரேடியேட்டருக்குள் தேங்கி நிற்கும் கூலன்ட்டை மட்டும்தான், இன்ஜினுக்குள் இருப்பது அப்படியே இருக்கும். ஸ்விட்ச் எப்போதாவது ஒட்டிக்கொண்டால் 40 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று மணி நேரத்தில் காலி. நான் இக்னிஷனையே தேர்ந்தெடுத்தேன்.

டேஷ்போர்டில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்தேன். அது டெம்பரேச்சர் ஸ்விட்சுக்கு இணையாக 85-ஐ எர்த் செய்யும். அதனால் ஃபேனை ஓடவைக்க மட்டுமே முடியும், நிறுத்த முடியாது. இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் பட்டது. நிறுத்தும் ஸ்விட்ச் வைத்தால் என்றாவது ஒருநாள் யாராவது அதை நிறுத்திவிட்டு மறந்துவிடுவார்கள். பக்கத்தில் 87-லிருந்து 1 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ஒரு எல்இடி. அது எரிந்தால் ஃபேனுக்குக் கரன்ட் போகிறது என்று தெரியும், ஃபேன் சுற்றுகிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஏசி உள்ள வண்டியில் கம்ப்ரஸர் ஓடும்போதும் ஃபேன் ஓட வேண்டும் என்பதால் இன்னொரு சைகை ஒயரும் வரும். இரண்டு சைகையும் ஒன்றுக்குள் ஒன்று பாயாதபடி டையோடு வைத்துப் பிரிக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஃபேனின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளில் இந்த முறையைக் கொண்டுபோகாதீர்கள், அங்கே ஒயரிங் வேறு கதை.

ஒயர் இழுத்தது

பழைய ஒயரையே வைத்துக்கொண்டு நுனியை மட்டும் மாற்றலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஃபேன் கப்ளருக்குப் பின்னால் உறையை உரித்தால் செம்பு பளபளப்பாக இல்லை, கறுத்திருந்தது. ஐந்து சென்டிமீட்டர் பின்னால் வெட்டினேன், அங்கேயும் கறுப்பு. இன்னும் பின்னால் பச்சைக் களிம்பு. கப்ளரில் ஒயர் நுனியைப் பிடிக்கும் உலோக லக்குக்குள் முழுசாக இருந்தது நாலைந்து இழை, மற்றவை அதிர்விலும் சூட்டிலும் ஒடிந்துபோயிருந்தன. பீப் அடித்தது இந்த நாலைந்து இழைதான். மொத்தத்தையும் எடுத்துவிட்டேன்.

ஃபேனின் வழிக்கு 4 ஸ்கொயர் மில்லிமீட்டர் செம்பு ஒயர். மீட்டருக்கு 4.4 மில்லி ஓம் எதிர்ப்பு. பிளஸ் பக்கம் 1.6 மீட்டர், எர்த் பக்கம் 0.9 மீட்டர், மொத்தம் 2.5 மீட்டர். 12 ஆம்பியர் போனால் ஒயரில் தொலைவது 0.13 வோல்ட். 1.5 ஸ்கொயர் போட்டிருந்தால் 0.35 வோல்ட் தொலைந்திருக்கும், ஓடாது என்றில்லை, ஆனால் புதிதாக இழுக்கும்போது எதற்குக் கஞ்சத்தனம்? ரிலேயின் சைகை வழிக்கு 0.75 ஸ்கொயர் தாராளம்.

லக்கு பிடிப்பதில்தான் அதிக நேரம் போனது, போக வேண்டிய இடமும் அதுதான். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. ராட்செட் கிரிம்பர் லக்கின் இரண்டு காதுகளையும் சுருட்டி இழைகளுக்குள் இறக்குகிறது. இழைக்கும் உலோகத்துக்கும் நடுவே காற்று புக இடமில்லாமல் இறுகுவதால் களிம்பு பிடிக்காது. ஒவ்வொன்றையும் கையால் பலமாக இழுத்துப் பார்த்தேன். பதினொன்றில் ஒன்று கையோடு வந்தது, வெட்டிவிட்டு மறுபடி பிடித்தேன். ஈயம் வைத்தால் இன்னும் உறுதி என்று பலர் சொல்வார்கள். ஈயம் ஒயருக்குள் ஊறி, ஊறிய இடம் வரை கம்பி போல விறைத்துவிடும். அது முடியும் விளிம்பில்தான் அதிர்வில் இழைகள் ஒடிகின்றன. ஒயரை அசையாமல் கட்டிவைக்க முடிகிற இடத்தில் ஈயமும் நன்றாகவே இருக்கும். அதிர்ந்துகொண்டே இருக்கும் ஃபேன் பக்கத்தில் நான் கிரிம்பை மட்டுமே நம்புகிறேன். மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ்.

எர்த்தை ரேடியேட்டர் சட்டத்திலிருந்து எடுத்து, பேட்டரியின் மைனஸ் கேபிள் பாடியில் பிடிக்கும் இடத்துக்கே கொண்டுபோனேன். அந்த இடத்தின் பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை உலோகம் தெரியும்வரை எடுத்து, பல் வாஷர் வைத்து முடுக்கி, அதன் பிறகு மேலே வாசலின் பூசினேன். ஹெட்லைட்டின் எர்த்தையும் அதே முறையில் தனியாகப் பிடித்தேன். ரிலேயைக் கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி, எக்ஸாஸ்ட் சூடு படாத பக்கம் மாட்டினேன். ஒயர் ரிலேக்குள் நுழையும் முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏறும்படி விட்டால், மழைத் தண்ணீர் வளைவில் சொட்டிவிடும், உள்ளே போகாது.

ஓட்டிப் பார்த்தது

முதல் ஓட்டத்தில் இரண்டு தவறு வெளியே வந்தது.

முதல் தவறு என்னுடைய ஒயர் நிறம். கையில் இருந்த 4 ஸ்கொயர் ஒயர் முழுக்க ஒரே நிறம், நுனியில் அடையாளம் ஒட்டாமல் விட்டிருந்தேன். ஃபேன் நல்ல வேகத்தில் சுற்றியது, ஆனால் திசை தலைகீழ். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் காற்றை முன்னாலிருந்து உள்ளே இழுக்க வேண்டும். பிளஸும் மைனஸும் மாறினால் வெளியே தள்ளும், ஓடும்போது வரும் எதிர்க்காற்றோடு சண்டை போடும். கண்ணால் பார்த்தால் இது தெரியாது. ஒரு தாளை கிரில் முன்னால் பிடித்தால் ரேடியேட்டரோடு ஒட்ட வேண்டும், எனக்குத் தாள் பறந்தது. கப்ளரில் இரண்டு பின்னையும் இடம் மாற்றினேன்.

இரண்டாவது, காற்றடைப்பு. கூலன்ட்டை நிரப்பி இன்ஜினை ஓட்டினால் முள் ஏறுகிறது, ஃபேன் வரவே இல்லை. ஒரு நிமிடம் மனது பதறிவிட்டது. டேஷ்போர்டு ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் ஓடுகிறது, ஆக ரிலே பக்கம் சரி. இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு யோசித்தபோது புரிந்தது. ஸ்விட்சின் மூக்கைச் சுற்றி கூலன்ட் இல்லை, காற்று இருக்கிறது. சுற்றிக் காற்று இருந்தால் எவ்வளவு நல்ல ஸ்விட்சும் சூட்டை நேரத்துக்கு உணராது. வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்தபடியே ஓடவிட்டு மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டேன். குமிழி குமிழியாக வந்தது. இன்னும் அரை லிட்டர் உள்ளே போனது.

அதன் பிறகு மூடியைப் போட்டு, நிறுத்தி வைத்தே சூடேற விட்டேன். அகச்சிவப்பு வெப்பமானியால் ஸ்விட்ச் பக்கத்துத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பளபளப்பான உலோகத்தில் அது குறைத்துக் காட்டும் என்பதால் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி அதன்மேல் அளந்தேன். 91-இல் 'டக்' என்று ரிலே சத்தம், எல்இடி, அந்த இரைச்சல். எழுபது நொடி ஓடியது, நின்றது. இரண்டரை நிமிடம் கழித்து மறுபடி. முள் நடுவைத் தாண்டவில்லை. அரை மணி நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

மீட்டர்: ஃபேன் ஓடும்போது பேட்டரியில் 13.7, ஃபேனில் 13.3. தொலைவது 0.4 வோல்ட் மட்டும். கரன்ட் 12.3 ஆம்பியர், அதாவது 164 வாட். முன்பு கிடைத்தது 79. அதே மோட்டார், இரண்டு மடங்குக்கும் மேலான பலம். ரிலேயையும் ஃபியூஸ் தாங்கியையும் கையால் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான்.

ஃபேன் ஓடும்போது ஹெட்லைட் மங்குவதும் நின்றுவிட்டது. இப்போது நாலு மாதம் ஆகிறது. நடுவில் ஒருமுறை எர்த் போல்ட்டை மறுபடி முடுக்கினேன், கால் சுற்று ஏறியது. பேட்டரியிலிருந்து ஃபேன் பிளஸ் வரை 0.3, ஃபேன் மைனஸிலிருந்து பேட்டரி வரை 0.1, கரன்ட் 12.3, ஸ்விட்ச் 92-86. இந்த எண்களை ஒரு சிறு தாளில் எழுதி ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறேன். முள் மறுபடி ஏறினால், அந்தப் பானெட்டைத் திறப்பது நானாக இருந்தாலும் வேறு யாராக இருந்தாலும், எந்த எண் மாறியிருக்கிறதோ அங்கிருந்து தேட ஆரம்பிக்கலாம்.